மதினி நேரலையில் வந்த மாலை

எங்கள் வீட்டு ரிமோட்டில் சத்தத்தை நிறுத்தும் பொத்தான் மட்டும் எழுத்து அழிந்து வழவழவென்று இருந்தது. கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் பைன் மரக் காடு. பொழுது சாய்ந்தால் காட்டுமாடுகள் இறங்கி வரும். முற்றத்துக் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க யார் எழுந்தாலும், என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், ஓடுகிற தொடரின் சத்தத்தை உடனே நிறுத்திவிடுவார். திரையில் கதாநாயகி வாயை மட்டும் அசைத்து அழுதுகொண்டிருப்பாள். நாங்கள் மூச்சை அடக்கி வெளியே காது கொடுப்போம். குளம்புச் சத்தமோ, புஸ்ஸென்ற மூச்சோ கேட்காவிட்டால்தான் தாழ்ப்பாள் திறக்கும். "வெரசா வா, கதை போயிரும்" என்பார். அப்படிப் பயந்து பயந்து எங்களைக் காத்த மனுஷியை நான்தான் அந்த முற்றத்தில் நிறுத்தினேன்.

மதினி தொலைக்காட்சியைச் சும்மா பார்க்கிறவர் அல்ல. வில்லிகளோடு சண்டை போடுவார், மாமியார்களுக்குப் புத்தி சொல்வார். இருபது வருஷம் அந்த வேடிக்கையை நாங்கள் மட்டும்தான் ரசித்தோம். அவருடைய மகளைக் கன்னிவாடியில் கட்டிக்கொடுத்திருந்தது. மகள் ஒரு போன் வாங்கி அனுப்பினாள். பனி மூடி கேபிள் வராத ஒரு வாரத்தில், முட்டைக்கோஸ் தழை தின்ன வந்த ஒரு காட்டுப் பசுவை அடுப்படிச் சன்னல் வழியாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டேன். பின்னால் மதினியின் குரல்: "சாப்பாட்டு நேரத்துக்கு டாண்ணு வந்துர்ற. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுதியா? நீயென்ன என் சம்பந்தியா?" அவ்வளவுதான். அந்தப் பசு ஊர் உலகத்துக்கெல்லாம் சம்பந்தியம்மா ஆகிவிட்டது. துபாயிலிருந்தெல்லாம் நலம் விசாரித்தார்கள்.

சன்னல் கம்பி மறைக்கிறது என்று யாரோ எழுதினார்கள். மதினி வாசலுக்கு வந்தார். முகம் இருட்டாக இருக்கிறது என்றார்கள். படியில் இறங்கினார். பிறகு முற்றத்துக்கே போய்விட்டார். எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டுவதும் நான், போனைப் பிடிப்பதும் நான். என் கணவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அக்கா, அது சீரியல் இல்லக்கா" என்று கத்தினார். "எனக்குத் தெரியாத மாடா? போடா, உன் சோலியப் பாரு" என்றார் மதினி. நான் சிரித்தேன்.

பிறகு சில வாரம் பசு வரவில்லை. சம்பந்தியம்மா எங்கே என்று கேட்டுத் துளைத்தார்கள். ஒரு சாயங்காலம் வந்து நின்றது. மதினி தலையைச் சீவிக்கொண்டு ஓடினார். நான் நேரலையைப் போட்டேன். உள்ளே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. காணாமல் போன பசு திரும்பி வந்தால் கன்றோடுதான் வரும், அப்போது கதவையே திறக்கக் கூடாது என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று அது நினைவில்லை. பசு தழையைத் தொடவில்லை. தலையைத் தாழ்த்தி நின்றது. "கோவமாத்தா? வர்றதுக்கு இம்புட்டு நாளா?" என்று மதினி ஓரடி முன்னால் போனார்.

அப்போதுதான் திரையின் இடது ஓரத்தில், விறகுக் கட்டுக்குப் பக்கத்தில், இரண்டு சிறிய காதுகள் அசைவதைப் பார்த்தேன். மதினிக்குப் பின்னால் கன்று நின்றது. நேரில் பார்த்திருந்தால் வீடு அதிரக் கத்தியிருப்பேன். திரையில் பார்த்ததால் என்ன அழகு என்றுதான் தோன்றியது. கன்றும் தெரியட்டும் என்று போனை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன். பசு பாய்ந்தது.

மதினி பிழைத்தார். இடுப்பெலும்பு உடைந்தது. மலை ஏற முடியாது என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கன்னிவாடிக்கு மகளிடம் போய்விட்டார். கேட்டவர்களிடமெல்லாம், பனியில் ஒன்றுமே தெரியவில்லை என்று சொன்னேன். மதினியிடமும் அதையே சொன்னேன். "நீ என்னத்தா செய்வ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படத்தை அன்றே அழித்தேன். அதற்குள் யார் யாரோ எடுத்து, பாட்டுப் போட்டு, சிரிக்கும் பொம்மை ஒட்டிச் சுற்றவிட்டார்கள். பிடித்தவர் கை நடுங்கவே இல்லையே என்று ஒருவர் பாராட்டியிருந்தார். அதிலிருந்து எனக்குக் காட்டுமாட்டைவிட போனைக் கண்டால்தான் பயம். மலையிறங்கும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரையைத் தள்ளத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வேன். மாதம் ஒருமுறை மதினியைப் பார்க்கப் போவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் படுக்கையில் போன் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இருக்காது. பழையபடி தொலைக்காட்சிதான், ஏதாவதொரு வில்லிக்கு வசவுதான். அந்த வசவு காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வரும்.

போன மாதம் வாசலில் வசவு கேட்கவில்லை. மகள் அடுப்படியில் இருந்தாள். அவளுடைய போன் மதினியின் மடியில் இருந்தது. எங்கள் முற்றத்தை அந்தச் சின்ன வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. "வா, உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். படத்தை ஓடவிட்டு, சரியான இடத்தில் நிறுத்தினார். எத்தனை முறை பார்த்துப் பழகியிருக்கிறாரோ! இடது ஓரத்தில் இருந்த காதுகளின்மேல் விரலை வைத்தார்.

"பனியில தெரியலேன்னியே. யாருக்குக் காட்டணும்னுத்தா திருப்புன?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யோசித்து யோசித்துப் பார்த்தேன். சொல்வதற்கு எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை.