போர்டு தெரியாத ஆஸ்பத்திரி

கொசுவலைக் கடை ஜுல்பிகரின் மனைவி ஷாஹீதாவுக்கு இடது காலில் தீப்பிடித்து நாலு வருஷம் ஆகிறது. வெளியே பார்த்தால் கால் சாதாரணமாகத்தான் இருக்கும். திருமங்கலம் ரோட்டில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தபோது முறிந்த எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. நரம்புக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. போர்வை பட்டால்கூட எரியும். மாத்திரை, தைலம், ஓதி ஊதிய தண்ணீர் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு டாக்டர் புதிதாக ஒன்றைச் சொன்னார்.

“கெட்டமின்னு ஒரு மருந்து. ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கிறதுதான். கம்மி அளவுல சொட்டுச் சொட்டா ஏத்துனா இந்த மாதிரி வலி சிலருக்குக் குறையுது. மனச்சோர்வுக்கும் குடுக்கிறாங்க. நல்ல இடமாப் பார்த்துப் போங்க.”

மனச்சோர்வு என்ற சொல் விழுந்ததும் ஜுல்பிகர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். மகள் ஷைமாவுக்கு நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் தாயாருக்குக் கால்வலி என்றால் சம்பந்தி வீட்டார் துஆ செய்வார்கள். மனசு சரியில்லை என்றால் வேறு பெண் பார்ப்பார்கள். ஆகவே குடும்பம் கூடி முடிவெடுத்தது: நோய் முழங்கால் வரைக்கும்தான், அதற்கு மேலே ஒன்றுமில்லை.

ஷாஹீதாவுக்கோ மேலே இருந்ததுதான் கீழே இருந்ததைவிடப் பெரிய பாரம். எங்காவது ஓரிடத்தில் அதையும் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இடம் தேடும் பொறுப்பை அவள் தம்பி அசீம் ஏற்றான். யூடியூபில் பார்த்துப் பாதி டாக்டர் ஆகியிருந்த அவன் முதலில் கூட்டிப்போனது பைபாஸ் ரோட்டில் ஒரு கண்ணாடி மாளிகை. வரவேற்பில் இருந்த கோட்டுக்காரர் ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று கேட்கவில்லை, கேப்பச்சினோவா சுக்குக்காப்பியா என்று கேட்டார். ஆறு ஊசி எடுத்தால் ஏழாவது இலவசம். ஒரே வாரத்தில் பழைய ஆளாகிவிடலாம்.

“ஊசி ஏறும்போது டாக்டர் பக்கத்துல இருப்பாரா?” என்று ஷாஹீதா கேட்டாள்.

“கேமரா இருக்கு மேடம்.”

ஜுல்பிகருக்கு இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. “இம்புட்டு ஏசியில யாரும் ஏமாத்த மாட்டாங்க” என்றார்.

“கேமரா வந்து எனக்கு மூச்சு இருக்கான்னு பார்க்குமா?” என்றாள் அவள். அன்றைக்கு வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை.

அடுத்தது கோச்சடையில், ஒரு சந்து முனையில். போர்டில் ‘நாள்பட்ட வலி சிகிச்சை மையம்’ என்று மட்டும் தெரிந்தது. மேல் வரியை விருமாண்டி வீட்டுக் காதணி விழா ஃபிளெக்ஸ் மறைத்திருந்தது. வரிசையாக மீசை வைத்த தாய்மாமன்கள். நல்ல வேளை, வெறும் வலி ஆஸ்பத்திரிதான் என்று ஜுல்பிகர் தைரியமாக உள்ளே போனார்.

டாக்டர் பாண்டிமீனா காபி தரவில்லை. கேள்வியாகக் கேட்டார். ரத்த அழுத்தம், இதயம், சாப்பிடும் மாத்திரைகள். “தூக்கம் எப்படி?” என்றார்.

“நல்லாத் தூங்குவா டாக்டர்” என்றார் ஜுல்பிகர்.

“மனசு?”

“அதெல்லாம் தங்கமா இருக்கா.”

“அண்ணே, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க.”

அவர் போனதும் ஷாஹீதா சொன்னாள்: “பெருநாளைக்குச் சேலை எடுத்துக் குடுத்தாங்க. கட்டிக்கிட்டும் இருந்தேன். அது என்ன கலருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது டாக்டர்.” அப்புறம் மற்றதையும் சொன்னாள்.

டாக்டர் கேட்டு முடித்து, கணவரையும் அழைத்து, இரண்டுக்கும் சேர்த்தே பார்க்கலாம் என்றார். “எல்லாருக்கும் கேக்காது. கேட்டாலும் கொஞ்ச நாள்ல வலி திரும்பலாம். கேக்கலைன்னா நானே நிப்பாட்டிருவேன். ஊசி அன்னைக்கு ஒருத்தர் கூடவே இருக்கணும். அவர் இருந்தாத்தான் ஆரம்பிப்பேன்.”

வெளியே வந்ததும் ஜுல்பிகர் வெடித்தார். “குணமாகும்னு ஒரு வார்த்தை சொல்லலையே. தெரியாதுங்கிறதுக்கா இவ்வளவு படிச்சிச்சு?”

“அக்கா, பைபாஸே மேல்” என்றான் அசீம்.

“அப்ப அந்த ஏழாவது ஊசிய நீ போட்டுக்க” என்றாள் ஷாஹீதா.

அவள் அசையவில்லை. கடைசியில் ஜுல்பிகர் சம்மதித்ததற்குக் காரணம் அவளும் இல்லை, டாக்டரும் இல்லை, போர்டை மறைத்த அந்த ஃபிளெக்ஸ்தான்.

ஊசி நாளன்று ஆட்டோ கோச்சடைச் சந்தில் திரும்பியபோது தாய்மாமன்களைக் காணவில்லை. காது குத்தி முடித்து ஃபிளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மேல் வரி பளிச்சென்று நின்றது: ‘மனநலம் மற்றும்’.

“வண்டியத் திருப்புங்கண்ணே” என்றார் ஜுல்பிகர்.

“திருப்பாதீங்க” என்றாள் ஷாஹீதா.

ஆட்டோக்காரர் நடுவில் நிறுத்தி, பீடி பற்றவைத்தார்.

“உனக்கென்ன, முகத்தை மூடிக்கிருவ. கடைக்கு வர்ற ஆளுக பாதிப்பேரு இந்தப் பக்கந்தான். நான் எதை வச்சு மூட?”

அவள் இறங்கி நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் கால் எரிந்தது. பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் உள்ளே போய் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்தார். தலையில் புத்தம்புது ஹெல்மெட். போலீசுக்கு அபராதம் கட்டினாலும் கட்டுவேன், அதை மாட்ட மாட்டேன் என்று இத்தனை வருஷம் வீம்பாகத் திரிந்த மனிதர். முனையில் பிளாட்பாரக் கடையில் வாங்கியிருந்தார். கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, தன் வீட்டுக்காரியைத் தெரியாதவர்போல எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்தார். வந்திருந்த மற்றவர்களும் துண்டு, மாஸ்க், செய்தித்தாள் என்று ஆளுக்கொன்றின் பின்னால் பத்திரமாக இருந்தார்கள்.

நர்ஸ் வந்தாள். “ஷாஹீதாம்மா கூட வந்தவங்க யாரு?”

ஷாஹீதா ஹெல்மெட்டையே பார்த்தாள்.

“கூட ஆள் இல்லையாம்மா? அப்ப இன்னைக்கு ஊசி முடியாது. வேற நாளு வாங்க.”

ஹெல்மெட் லேசாக ஆடியது. கண்ணாடி அரை விரற்கடை மேலே போனது. “நாந்தான்” என்றது உள்ளேயிருந்து.

உள்ளறையில் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்த பாண்டிமீனா புருவத்தைச் சுருக்கினார். “போன தடவை சரியா இருந்துச்சே. இப்ப ஏறிக் கிடக்கு. இப்படி இருந்தா ஆரம்பிக்க முடியாது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுங்க.”

“படுத்தாலும் இறங்காது டாக்டர்.”

“ஏன்?”

“வெளியே ஹெல்மெட்டோட ஒருத்தரு உட்கார்ந்திருக்காரு. அதைக் கழட்டச் சொல்லுங்க, தானா இறங்கிரும்.”