வெண்கட்டியில் பழகிய கை

மகளின் கலியாணம் நெருங்கும்போது என் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார். கன்னிகாதானத்தில் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துக் கொடுக்கப்போவது தான் இல்லை, லண்டனில் இருக்கும் தன் தமையனாம். காரணம் கைநடுக்கம். தேத்தண்ணிக் கோப்பையையே இரண்டு கையாலும் பிடிக்கிறவர், அத்தனை சனத்துக்கு முன்னால் முடியாது என்று பயந்துவிட்டார். தகப்பன் கொடுக்க, தாய் தண்ணீர் வார்ப்பதுதான் முறை. தமையன் வந்தால் அவர் மனைவிதானே வார்ப்பார்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெற்கு ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயில் வேலை செய்யும் மகளிடம் இதுபற்றி நாங்கள் மூச்சுவிடவில்லை.

கூறைச்சேலை எடுக்க எங்கள் ஊர் ஹம்மிலிருந்து கொலோனுக்குப் போனோம். திரும்பும் ரயில் வழக்கம்போல ரத்து. மழை வேறு. பக்கத்து மியூசியத்துக்குள் ஒதுங்கினோம். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து ஓவியர் ஒருவர், பெரிய ஓவியங்களைத் தீட்டுவதற்கு முன் கீறிப் பழகிய படங்கள் ஓர் அறையில் இருந்தன. மண்ணிறத் தாளில் கறுப்புச் சோக்கும் வெண்கட்டியும். ஒரு தாளில் குடம் பிடித்த பெண்ணின் கை மட்டும், தாள் முழுக்க அதே கை. ஒன்றில் பெருவிரல் நீளம், இன்னொன்றில் மணிக்கட்டு வீக்கம். பிழையாய் வந்ததை அழிக்காமல் பக்கத்திலேயே திரும்பவும் கீறியிருந்தார்.

படம் பார்க்கப் பொறுமையே இல்லாத மனிதர் அந்தத் தாளுக்கு முன்னால் நின்றுவிட்டார். அடுத்த ரயிலும் போய்விடும் என்று கூப்பிட்டேன், அசையவில்லை.

"இவ்வளவு பெரிய ஆளுக்கே ஒரேயடியா வரேல்லைப் பாரும்."

"அப்ப லண்டனுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. நாங்களும் பழகிப் பாப்பம்," என்றேன்.

அதன்பின் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு சமையலறை மேசையில் ஒத்திகை. என் இடக்கை மகள், வலக்கை மாப்பிள்ளை. வெற்றிலைக்குச் சலாட் இலை. இலை விழும், மகள் நழுவுவாள், ஒருநாள் மாப்பிள்ளையின் சுண்டுவிரலை நெரித்தே விட்டார். நான் சிரித்தால் கோபிப்பார், பிறகு தானும் சிரிப்பார். நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் நடுங்கிக்கொண்டே இடம் தவறாமல் வைக்கக் கை பழகிவிட்டது. கலியாணம் முடித்த புதிதில்கூட நாங்கள் இப்படிக் கைபிடித்து உட்கார்ந்ததில்லை. எனக்கு அந்த மாலைகள் மிகவும் பிடித்திருந்தன.

மண்டபத்தில் ஐயர் சொன்னதும் அவர் மகளின் கையை எடுத்தார். நடுங்கித்தான் எடுத்தார். மாப்பிள்ளையின் கையில் பிசகாமல் வைத்தார். மகள் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. நான் வார்த்த தண்ணீரில் பாதி மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில், மீதி ஐயரின் மடியில்.

அவர் தலையைத் திருப்பாமல் மெல்லச் சொன்னார்: "நீர்தான் பழகேல்லை."

எப்படிப் பழகுவது? ஒத்திகை முழுக்க என் இரண்டு கையும் அவரிடம் அல்லவா இருந்தன.