மேல்மாடிக் குசினி

எமில் ஒக்லண்டின் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பனியொன்றில் சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் அவன் மனைவி மேர்சிக்கு வேலை கிடைத்தது. அது 1985ஆம் ஆண்டு, மார்ச் மாதம். மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் மனையியல் படிப்பித்தவள் அவள். ஒக்லண்டில் அவளுடைய ஆசிரியச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. 'சமையலுக்கு ஆள் தேவை, வியாழன் முதல் சனி வரை, மாலையில்' என்று பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம் கண்டாள். போன் பண்ணி, விலாசத்தைத் தேடிப் போய் வாசலில் நின்ற பிறகுதான் அது ஒரு நைட் கிளப் என்று தெரிந்தது.

கராங்காஹாபே வீதியில் ஒரு தளபாடக் கடைக்கு மேலே இருந்தது அந்த இடம். படியேறினால் நீண்ட மண்டபம். ஒரு முனையில் மேடை, மறுமுனையில் பார், நடுவில் ஆடுவதற்குப் பலகைத் தளம். மதிய வெயில் யன்னலால் விழுந்து கம்பளத்திலிருந்த சிகரெட் ஓட்டைகளையெல்லாம் காட்டிக்கொடுத்தது. முதலாளி ட்ரெவர் ஐம்பது வயது வெள்ளைக்காரர். அவர் அவளைப் பின்னாலிருந்த குசினிக்குக் கூட்டிப்போனார்.

"இருபது தட்டு. ஹாம், உருளைக்கிழங்கு சாலட், ஒரு துண்டு பாண். ஒருத்தரும் சாப்பிட மாட்டார்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதே."

"சாப்பிட மாட்டார்கள் என்றால் ஏன் சமைக்க வேண்டும்?" என்று மேர்சி கேட்டாள்.

"சாப்பாடு இல்லாவிட்டால் எங்கள் லைசென்ஸில் இரவு குடி விற்க விடமாட்டார்கள். சாப்பாடு அரசாங்கத்துக்கு, பாட்டு சனத்துக்கு."

வீட்டுக்கு வந்து எமிலிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"உமக்கு விசரே? குடிச்சுப்போட்டு ஆடுற இடமப்பா அது."

"நான் குசினிக்குள்ள நிண்டு சமைக்கப்போறன். ஆடவே போறன்?"

எமில் கோப்பையைத் திரும்ப எடுத்து ஒரு மிடறு குடித்தான். பிறகு, "வேலை முடிய நான் வந்து ஏத்துறன். தனிய பஸ்ஸில வராதையும்," என்றான். அதற்குமேல் அதைப் பற்றி அவன் கதைக்கவில்லை.

முதல் இரண்டு கிழமையும் இருபது தட்டும் அப்படியே குப்பை வாளிக்குப் போயின. மேர்சிக்கு அது தாங்கவில்லை. மூன்றாம் கிழமை, ட்ரெவரிடம் கேட்காமலே, கஹவாய் மீன் வாங்கி அவித்து, முள் எடுத்து, மிளகும் பச்சைமிளகாயும் போட்டுக் கட்லட் பொரித்தாள். அந்த வாசத்துக்கு முதலில் வந்தவன் ட்ரம் அடிப்பவன். நின்றபடியே நாலு கட்லட் தின்றுவிட்டுப் போய் மற்றவர்களுக்குச் சொன்னான். அடுத்த வாரம் முழுப் பாண்ட் கோஷ்டியும் ஒத்திகை முடிந்ததும் நேரே குசினிக்கு வந்தது.

அந்தக் கோஷ்டியில் பாடுகிறவள் ஹூயா. பூர்வகுடி மாவோரிப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மற்றவர்கள் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வெங்காயம் உரித்துத் தருவாள். தன் அம்மாவின் பிணக்கு, மகனின் ரக்பி, தொண்டைக்கு இஞ்சி நல்லதா தேன் நல்லதா என்று ஏதாவது கதை ஓடும். மேர்சிக்கு இந்த நாட்டில் மாதா கோயிலுக்கு வெளியே கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான். ஆனால் அவள் பாடி மேர்சி பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு அதிரும், அலுமாரியில் பீங்கான்கள் கிணுகிணுக்கும், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் நிறைந்திருந்த நேரம், லைசென்ஸ் அதிகாரிகள் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். ட்ரெவர் சிரித்துக்கொண்டே அவர்களைக் குசினிக்கு அழைத்துவந்தார்.

"இன்றைக்கு மட்டும் எண்பது சாப்பாடு போயிருக்கிறது," என்றார். "வேண்டுமானால் சமையல்காரியையே கேளுங்கள். மேர்சி, சொல்லு."

மூத்த அதிகாரி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ட்ரெவர் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டினார். மேர்சி கையைத் துடைத்தாள். எண்பது என்று சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் வாய் வரவில்லை.

"பதினாலு," என்றாள். "அதில ஒன்பது பாண்ட்காரருக்கு."

பத்து நாளில் உத்தரவு வந்தது. மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் இல்லை. ட்ரெவர் அவளைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. இனி வரத் தேவையில்லை என்று போனில் மட்டும் சொன்னார். சாமான் எடுக்கப் போனபோது ட்ரம் அடிப்பவன் படியில் எதிரே வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரமாக இறங்கிப் போனான்.

அந்த ஞாயிறு கோயில் வாசலில் விக்ரோறியா அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். மன்னாரிலிருந்தே பழக்கம்.

"வேலை போயிட்டுதாமே? நல்லதெண்டு நினையும் பிள்ளை. மாதாதான் உம்மை அந்த இடத்தில இருந்து இழுத்து எடுத்திருக்கிறா."

"அஞ்சு பேருக்கு வேலை போயிட்டுது அக்கா. அதையும் மாதாவே செய்தவ?" என்று சொல்லிவிட்டு மேர்சி காருக்குள் ஏறினாள். உண்மை சொன்னதில் அவளுக்கு ஒரு பெருமையும் வரவில்லை. பொய் சொல்லியிருந்தால் நித்திரை வந்திருக்குமா என்றும் தெரியவில்லை. எமிலிடம் கேட்டாள்.

"நீர் சொன்னது சரி. அவையள் கோவிக்கிறதும் சரி," என்றான் அவன்.

ஓகஸ்டில் ஒரு ஞாயிறு ஹூயா வந்து அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். பக்கத்தில் ஏவன்டேல் சந்தைக்கு வந்தவள், கையில் ஒரு பை நிறையக் கீரை. மேர்சி பையை வாங்கிக்கொண்டு உள்ளே வரச் சொன்னாள்.

"எனக்கும் கோபம்தான்," என்றாள் ஹூயா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நாலு கிழமை உன்னைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். இப்போது திட்ட அலுத்துவிட்டது. கேள். உண்மையான சாப்பாட்டு இடம் என்று காட்டினால் லைசென்ஸை முந்தியே திருப்பித் தருவார்களாம். ட்ரெவருக்கு ஆள் வேண்டும். வந்து கேட்க வெட்கப்படுகிறார்."

"அவரையே வரச்சொல்," என்றாள் மேர்சி.

ட்ரெவர் வந்தார். மேர்சி மூன்று விஷயம் கேட்டாள்: நல்ல அடுப்பு, அவள் தீர்மானிக்கிற சாப்பாடு, மண்டபப் பக்கச் சுவரை வெட்டி ஒரு பெரிய யன்னல். சாப்பாடு இருக்கிறதென்று சனத்துக்குத் தெரிய வேண்டுமே. யன்னலுக்குத்தான் அவர் நெடுநேரம் இழுபறிப்பட்டார். கடைசியில் எமிலே ஒரு சனிக்கிழமை ரம்பம் கொண்டுபோய் வெட்டிக் கொடுத்தான்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்துத் திறந்த முதல் நாள் மேர்சி மீன் ரோல்ஸ் சுருட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள். விளக்குகள் அணைந்தன. தலை நிமிர்த்தி யன்னலால் பார்த்தாள். குசினியில் வெங்காயம் உரிக்கிற அதே ஹூயா மேடையின் நடுவில் வெறுங்காலோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முதலில் மெதுவாக, யாரோ பக்கத்தில் இருப்பவரிடம் கதைப்பதுபோலத் தொடங்கினாள். பிறகு குரல் எழும்பியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மேர்சி அடுப்பை மறந்து யன்னலில் சாய்ந்துகொண்டாள். எண்ணெய் புகைந்து எட்டு ரோல்ஸ் கருகிப் போயின. வாசலில் ஏற்றிப்போக வந்து நின்ற எமிலிடம், "நல்லாப் பாடினவ," என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு சாப்பாடு விற்றது. ட்ரம் அடிப்பவன் இரண்டு மாதம் அவளோடு கதைக்காமலே வந்து சாப்பிட்டான். மூன்றாம் மாதம் உப்புக் குறைவு என்றான். அதோடு பழையபடி ஆகிவிட்டது.

1987 ஒக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் நொடித்துப்போனார். மறு வருடம் தளபாடக் கடையோடு சேர்த்து அதை இடித்தார்கள். அங்கே எழும்புவதாக இருந்த கண்ணாடிக் கோபுரம் எழும்பவில்லை. கார் நிறுத்துமிடம்தான் வந்தது. ட்ரெவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஹூயா மகனோடு வெலிங்டனுக்கு மாறினாள். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு கிறிஸ்மஸ் அட்டை மட்டும்.

மேர்சி ஒரு வருடம் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்தாள். தட்டு யார் முன்னால் போகிறதென்றே தெரியாத வேலை. 1989இல் பாபகூராவில், பழைய படைவீரர் கூடும் கிளப் ஒன்றில் சமையலுக்கு ஆள் தேடினார்கள். அங்கே வெள்ளியும் சனியும் மேடையில் கிற்றார் பாட்டு. அந்தப் பாட்டுகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் வயிறாரச் சாப்பிட்டது. மேர்சி அங்கே பதினொரு வருடம் இருந்தாள்.