மகளுக்குப் போட்ட வாய்ப்பூட்டு

இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து பெர்மெஸ்ஸோவுக்காக, அதாவது வதிவிட அனுமதிக்காக, காத்திருந்தோம். எங்கள் நிலைமை வெளியே தெரியக்கூடாதென்று, பாலர் பாடசாலைக்குப் போகும் மகளிடம், "அங்கை ஒருத்தரோடையும் கதைக்காதை" என்று தினமும் சொல்லி அனுப்புவேன்.

ஒருநாள் ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். மகளைச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையாகக் கருதித் தனிக் கல்வித் திட்டம் எழுதும் படிவத்தில், 'பேச்சு வரவில்லை' என்ற இடத்தில் புள்ளடி போட்டிருந்தார்.

"வீட்டிலும் இப்படித்தானா?"

உண்மையைச் சொன்னால் பிடிபடுவோம். கையெழுத்திடப் பேனையை எடுத்தேன். பக்கத்தில் நின்ற மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனையை வைத்துவிட்டேன்.

"கதை பிள்ளை."

வகுப்பில் கேட்டுக் கேட்டே பழகிய இத்தாலிய மொழியில் அவள் சத்தமாகக் கேட்டாள்: "அம்மா, பெர்மெஸ்ஸோ வந்திட்டுதோ?"

ஆசிரியை படிவத்தைக் கிழித்தார்.

இப்போதெல்லாம், "எல்லாரோடையும் நல்லாக் கதை" என்றுதான் அனுப்புகிறேன். பெர்மெஸ்ஸோ இன்னும் வரவில்லை.