கடைசியில் என் பெயர்

பாபடோயிட்டோய் ஊர் மண்டபத்தின் மேலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கலைவிழா ஒத்திகையில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரே வரியில் மதிப்பீடு எழுதுவார். ஒரு நடனத்துக்கு 'நல்லம், ஆனால் நீளம்' என்று எழுதினார். நிகழ்ச்சி நிரலில் என் நகைச்சுவைப் பேச்சைக் கடைசியில் போட்டிருந்தார்.

“கடைசின்னா பெரிய மரியாதைதானே அண்ணே?” என்றேன்.

“இல்லை தம்பி. ஆறு மணிக்கு ஹோலைப் பூட்டோணும். நீங்கள் ஏறினால் சனம் தானா எழும்பிப் போகும்.”

விழாவன்று அவர் கணிப்பு தப்பவில்லை. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். முன்வரிசையில் அவர் மட்டும் சாவிக்கொத்தோடு உட்கார்ந்து, கடைசிவரை கேட்டுச் சிரித்தார்.

கதவைப் பூட்டத்தான் இருந்தார் என்கிறாள் என் மனைவி. பூட்ட இருந்தவர் எதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும்?