வழிமொழிந்தவர்: திரு. செல்லையா

என் கையெழுத்து வடிவில்லை. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அவற்றைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

ரெஜினா ரீச்சரின் பிழைப்பைக் கெடுத்தவன் நான்தான். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

வேலணையில் எங்கள் பாடசாலைக்கு வருடாவருடம் கதியால் தடி நட்டு, தென்னோலைக் கிடுகால் வேலி அடைப்பது என் வேலை. என் மகள் அங்கேதான் படித்தாள். படிப்பு அவளுக்கு ஏறவில்லை. தையல் ஏறியது. பழக்கியவர் ரெஜினா ரீச்சர். கணவனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு ஊர்காவற்றுறையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அவருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. பெற்றார் சங்கம் கொடுக்கிற சிறு தொகையில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு குடியியல் என்ற பாடத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று கதை வந்தது. சங்கத் தலைவர் இளைப்பாறிய மாஸ்டர். பிள்ளைகள் தங்கள் உரிமையையும் கடமையையும் அறியவேண்டும் என்றார். நல்ல விஷயம்தானே! ஆனால் அதற்கு ஒரு படித்த ஆளை வைக்க வேண்டும். சங்கத்தால் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும்.

கூட்டத்துக்கு முதல் நாள் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் வாங்கிக் கொடுத்த துணியில் எனக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையைத் தந்துவிட்டு வாசல் படலையடியில் நின்றார்.

"தையலை நிப்பாட்ட வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும் அண்ணை. பிள்ளையைப் பெத்த ஆள் சொன்னால் கேப்பினம்."

"ஓம் ரீச்சர், சொல்லுறன்."

சொல்லுறன் என்றேன்... இந்த வாயால்தான்.

அடுத்த நாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் மண்டபத்தின் பின்சுவரோடு நின்றேன். அந்தப் பாடசாலையில் நான் ஒருநாளும் கதிரையில் உட்கார்ந்து இருந்ததில்லை. இருக்கச் சொன்னவரும் இல்லை. நீங்கள் எங்கள் ஊராக இருந்தால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள்.

தையலை நிறுத்திக் குடியியல் தொடங்குவதென்று ஒரு கடைக்கார முதலாளி முன்மொழிந்தார். "வழிமொழியிறது ஆர்?" என்று தலைவர் கேட்டார்.

ஒருவரும் எழும்பவில்லை. எல்லாருடைய பெண்பிள்ளைகளும் ரீச்சரிடம் பழகுகிறவர்கள். வழிமொழிய ஆள் இல்லையென்றால் அந்தத் தீர்மானம் அங்கேயே விழுந்துவிடும். நான் பேசக்கூடத் தேவையில்லை. சும்மா நின்றிருந்தாலே போதும்!

தலைவர் பின்பக்கம் பார்த்தார். "செல்லையா, நீர் சொல்லுமன். ஏழைப் பெற்றார் பக்கத்தாலை ஒராள் சொன்னால் நல்லது."

"அவரோ? அவர் வேலிக் கதியாலோடைதான் கதைப்பார்!" என்றார் முதலாளி. மண்டபம் சிரித்தது.

"பகிடி விடாதையுங்கோ. திரு செல்லையா, முன்னுக்கு வாரும்" என்றார் தலைவர்.

திரு! நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக என் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் விழுந்தது. என் கால்கள் தாமாக நடந்தன என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். நானே நடந்தேன்.

"நான்... வழிமொழியிறன்."

கை தட்டினார்கள். "வடிவாச் சொல்லிப்போட்டீர், இரும் இரும்" என்று முன்வரிசையில் ஒரு கதிரையைக் காட்டினார்கள். இருந்தேன். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினார்கள்.

பிறகு தேநீர் வந்தது. தட்டை ஏந்தி வந்தவர் ரெஜினா ரீச்சர். வாசலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் முன்னால் வந்து நின்றார். சட்டையின் கழுத்துப்பட்டியை ஒருமுறை பார்த்தார்.

"சீனி காணுமோ அண்ணை?"

"ஓம்."

குடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தேன்!

தையல் மெசின் களஞ்சிய அறைக்குப் போனது. உப்புக்காற்றில் துருப்பிடித்து இப்போது சில்லுச் சுற்றாது. மெசின் முன்பு இருந்த அறையில் குடியியல் நடந்தது. ஒருநாள் வெளியே வேலி அடைத்துக்கொண்டிருந்தேன். "கூட்டத்திலை ஒரு பிழை நடந்தால் என்ன செய்யவேணும்?" என்று வாத்தியார் கேட்டார். "எழும்பிச் சொல்லவேணும் சேர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பாடத்தில் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலா இருந்தது?

அடுத்த கூட்டத்தில் வழக்கப்படி போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார்கள். "வழிமொழிந்தவர் திரு. செல்லையா." பிறகு கேட்டார்கள்: "திருத்தம் ஏதும் உண்டோ?"

அப்போதாவது எழும்பியிருக்கலாம். எழும்பவில்லை. பயத்தால் அல்ல. நான் மறைத்து வைத்திருந்தது இதைத்தான்... என் பெயரை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தரம் வாசிக்கமாட்டார்களா என்று இருந்தது!

ரீச்சர் இப்போது மண்கும்பானில் மீன் காயப்போடுகிறார். போன மாதம் மகள் அவரைக் கண்டுவிட்டு வந்து சொன்னாள்: "ரீச்சருக்கு உங்களிலை கோவமில்லை அப்பா. 'பாவம், அந்த மனிசனைப் பிடிச்சு எழுப்பிப்போட்டினம்' எண்டவ. கையெல்லாம் உப்பிலை வெடிச்சுப்போய்க் கிடக்கு."

மகளும் அதையே நம்புகிறாள். இல்லைப் பிள்ளை என்று சொல்ல வாய் திறந்தேன். சோறு போடச் சொன்னேன்.

அந்தச் சட்டையைக் கொளுத்த இரண்டு தரம் எடுத்தேன். கொளுத்தவில்லை. என்னிடம் இருக்கிற நல்ல சட்டை அது ஒன்றுதான். மூன்று வருடமாகியும் ஒரு தையல் விட்டுப்போகவில்லை.

நேற்றும் சங்கக் கூட்டம். அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். முன்வரிசையில் ஒரு கதிரையை எனக்கென்று விட்டு வைத்திருந்தார்கள்.

போய் இருந்தேன்.

1989 மார்கழி 11