குமிழ் விழுந்த கண்ணாடி

காஃபீல்ட் மாளிகையை இடிக்கப்போகிறார்கள் என்றதும் அந்த அலபாமா ஊரின் கறுப்பர்கள் ஞாயிற்றுக்கிழமைத் துணியை உடுத்திக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். வராமல் என்ன செய்வார்கள்? உள்நாட்டுப் போருக்கு முன் அவர்களுடைய முப்பாட்டன்மார் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக் கட்டிய வீடு. கட்டவைத்த காஃபீல்ட் பருத்தியில் கொழுத்தான். மகன் போரில் செத்தான், பேரன் குடித்தே நிலத்தைக் கரைத்தான். கடைசி வாரிசு லூசியன் பெட்ரோல் பங்க்குக்கு இடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

வெர்லீன் வேடிக்கை பார்க்க வரவில்லை. அந்த வீட்டுச் சமையற்கட்டில் பாதி ஆயுசு வெந்தவள். மகள் லியோட்டா மூன்று வயதில் காய்ச்சலில் போனபோது, கொல்லையில் தன் சனங்களைப் புதைக்கிற இடத்தில்தான் புதைத்தாள். கல் நட வக்கில்லை. வழக்கப்படி, பிள்ளை கடைசியாகப் பால் குடித்த நீலக் கோப்பையை உடைத்து மேட்டின் மேல் செருகினாள். உடைக்காவிட்டால் சாவு அந்த வீட்டை விடாது என்பார்கள்.

விற்பதற்கு முன் லூசியன் கொல்லையைச் சுத்தம் பண்ணச் சொன்னார். மேடுகளின் மேல் வைத்திருந்த உடைந்த பீங்கானும் கிளிஞ்சலும் அவர் கண்ணுக்குக் குப்பையாம்! வாரிக் கொட்டி, மேடுகளையும் நிரவிவிட்டார்கள். பாவி மனுஷன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மிஞ்சியது ஒரே அடையாளம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னலின் பழைய கண்ணாடியில் ஒரு காற்றுக் குமிழ் உண்டு. தொட்டியில் வயிறு பட நின்றால், குமிழுக்கு நேர் கீழே பிள்ளையின் மேடு தெரியும். வருஷக்கணக்காகக் கை பாத்திரத்திலும் கண் அங்கேயுமாகத்தான் அவள் நின்றாள்.

தம்பி ஐசோம் மண்வெட்டியோடு பின்னால் வர அவள் ஓடி வந்தபோது, முன்கட்டு விழுந்து கிடந்தது. வேலி ஓரம் நின்றவன் ஒருவன், "என்ன வெர்லீன், வேலை போயும் அடுப்பு உன்னை விடலையா?" என்று சீண்டினான். அவள் காதில் வாங்கவில்லை. நேராக மேஸ்திரி டக்கரிடம் போய், சமையற்கட்டுக்குள் விடச் சொல்லிக் கேட்டாள்.

"கூரை தலையில விழுந்தா யாரும்மா பதில் சொல்றது?" என்றான் அந்த வெள்ளைக்காரன்.

"வீட்டைக் காப்பாத்தச் சொல்லலய்யா. அந்த ஜன்னல் சுவத்த மட்டும் செத்த நேரம் விட்டு வைங்க. எம்புள்ள எங்க கெடக்குன்னு அதுக்குத்தான் தெரியும்."

டக்கர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான்.

உள்ளே சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. பக்கத்துக் கண்ணாடிகள் எல்லாம் நொறுங்கிக் கிடக்க, குமிழ்க் கண்ணாடி மட்டும் விரிசலோடு நின்றது. வெர்லீன் தொட்டியில் வயிற்றை அழுத்தினாள். வெளியே ஐசோமை இடப்பக்கம் போகச் சொன்னாள், பின்னுக்கு வரச் சொன்னாள். தலைக்கு மேல் உத்திரம் முனகியது. அவள் நகரவில்லை.

"அங்கதான்டா! நில்லு!"

ஐசோம் மண்வெட்டியை ஊன்றிய நொடியில் கண்ணாடி சட்டத்தைவிட்டு விழுந்து தூளானது. அவன் குனிந்து மண்ணைக் கிளறி எதையோ எடுத்துத் தூக்கிக் காட்டினான். நீலக் கோப்பையின் கைப்பிடி.

வெர்லீன் வெளியே வந்தாள். போகிற போக்கில் டக்கரிடம், "இனி இடிங்கய்யா" என்றாள்.

சுவர் விழுந்து ஊரே ஆர்ப்பரித்தபோது, அவள் கொல்லையில் மண்டியிட்டு, பிள்ளையைச் சுற்றிக் கொண்டுபோகத் தன் மேல்கோட்டைக் கழற்றி விரித்துக்கொண்டிருந்தாள்.